2025-ல் வந்த எபிசோடுகளில் என்னை அசையாமல் உட்கார வைத்தவை

ஒருவர் கேட்ட கேள்வி இது: 2025-ல் வந்த தொலைக்காட்சி, ஓடிடி தொடர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த தனி எபிசோடுகள் எவை, ஏன்? தொடர்களைக் கேட்கவில்லை. எபிசோடுகளைக் கேட்டிருக்கிறார். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஏனென்றால் இப்போது எபிசோடு என்ற ஒன்று இருப்பதே மறந்துபோய்விட்டது. ஒரே ராத்திரியில் எட்டையும் பார்த்து முடிக்கிறோம். எது எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று மறுநாள் கேட்டால் தலையைச் சொறிய வேண்டியதுதான். எடுப்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை. "இதைத் தொடர் என்று பார்க்காதீர்கள், பத்து மணி நேரப் படம்" என்று பேட்டி கொடுக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பத்து மணி நேரப் படம் வேண்டுமென்று யார் அழுதார்கள்?

வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. எங்கே வெட்டுவது, எங்கே வெட்டாமல் விடுவது என்று நாள் முழுக்க அதே யோசனை. அதனால் எந்த எபிசோடைப் பார்த்தாலும் கதைக்கு முன்னால் என் கண்ணில் படுவது அதன் வெட்டுதான். கீழே வரும் தேர்வுகளில் அந்தக் கோணல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கதை முடிச்சுகளையும் மறைக்காமல்தான் சொல்லப்போகிறேன். பார்க்காத தொடரின் பெயர் வந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முதலிடத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அடோலசென்ஸ்' தொடரின் மூன்றாவது எபிசோடு. வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவன், வெட்டே இல்லாத ஒன்றை முதலில் வைக்கிறேன். வேடிக்கைதான்.

ஜேமி என்ற பதின்மூன்று வயதுப் பையன், கூடப் படிக்கும் பெண்ணைக் குத்திக் கொன்றதாகக் கைதாகிறான். மொத்தம் நான்கு எபிசோடுகள், ஒவ்வொன்றும் கேமராவை நிறுத்தாமல் எடுத்த ஒரே ஷாட். நடுவில் இருட்டில் மறைத்து ஒட்டுகிற வேலையெல்லாம் கிடையாது. இயக்கியவர் ஃபிலிப் பரன்டீனி, எழுதியவர்கள் ஜாக் தோர்னும் ஸ்டீஃபன் கிரஹாமும். கிரஹாமேதான் பையனின் அப்பா. முதல் எபிசோடுக்கு இரண்டாவது டேக்கே போதுமாக இருந்தது. நான்காவதுக்குப் பதினாறு டேக் ஆனது. ஒரு டேக் என்றால் முழு எபிசோடு, அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது எபிசோடின் முடிவில் கேமராவை ட்ரோனில் மாட்டிப் பறக்கவிட்டு, மறுபடி கையில் பிடித்து, கொலை நடந்த இடத்தில் பூ வைக்க வந்த அப்பாவின் முகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஊரெல்லாம் அந்த ஷாட்டைத்தான் பேசியது. பேசட்டும், சாதாரண வேலை இல்லை அது. ஆனால் மூன்றாவதில் ட்ரோனும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு பேர். பையனை அடைத்து வைத்திருக்கும் இடத்துக்கு, வழக்கு விசாரணைக்கு முந்தைய அறிக்கை தயாரிக்க பிரையனி என்ற உளவியலாளர் வருகிறார். கையில் அவனுக்காகக் கொண்டுவந்த பாதி சாண்ட்விச், சூடான சாக்லேட் பானம். இதற்கு முன்பும் வந்திருக்கிறார், இருவருக்கும் பழக்கம் உண்டு. சிரித்துத்தான் பேச்சு தொடங்குகிறது.

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சியை எங்களிடம் கொடுத்தால் என்ன செய்வோம்? ஒருவர் பேசுவார், மற்றவர் முகத்துக்கு வெட்டுவோம். எந்த நொடியில் யாருடைய முகம் தெரிய வேண்டும் என்று முடிவெடுப்பது நாங்கள்தான். பார்ப்பவருக்கு வேண்டிய முகம் வேண்டிய நேரத்தில் கிடைத்துவிடும். இங்கே அது நடக்காது. கேமரா ஜேமியிடமிருந்து பிரையனியிடம் போக மேசையைச் சுற்றி நடந்துதான் ஆக வேண்டும். அந்த நான்கைந்து நொடியில் பையன் முகம் என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அவன் வேறு ஆளாக இருக்கிறான். ஒரு பயம் வருமே, அது அந்தத் தெரியாத நொடிகளிலிருந்து வருகிறது. கத்தும்போதுகூட அவ்வளவு பயம் வருவதில்லை.

நடுவில் பையன் கொட்டாவி விடுவான். அது எழுதி வைத்தது இல்லை, நிஜமாகவே வந்த கொட்டாவி. பிரையனியாக நடிக்கும் எரின் டோஹர்ட்டி சட்டென்று, நான் பேசுவது போரடிக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். பையன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். நடிகன் பிடிபட்டானா, ஜேமி பிடிபட்டானா என்று சொல்ல முடியாது. சாதாரணமாக எடுத்திருந்தால் அந்தக் கொட்டாவியை நானே வெட்டி எறிந்திருப்பேன், யோசித்திருக்கவே மாட்டேன்.

அவனை இழுத்துக்கொண்டு போகும்போது, உங்களுக்கு என்னைப் பிடிக்குமா, பிடிக்காதா என்று கத்திக்கொண்டே போகிறான். கதவு மூடுகிறது. அறையில் பிரையனி தனியாக இருக்கிறார். மேசையில் அவன் கடித்துவிட்டு வைத்த சாண்ட்விச். அதை எடுக்கப் போகிறார், விரல் பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அவனைப் பற்றி என்ன தெரிந்துவிட்டது என்பதை ஒரு துண்டு ரொட்டி சொல்லிவிட்டது.

ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் படப்பிடிப்பு அனுபவம். நான்கில் முதலில் படமாக்கியதும் இந்த மூன்றாவதைத்தான். செப்டம்பரில் எம்மி விருது வாங்கியபோது அவனுக்குப் பதினைந்து வயது. நடிப்புக்காக எம்மி வாங்கிய ஆண்களில் இவன்தான் இளையவன்.

அதே எம்மி மேடையில் ஒரு வேடிக்கை நடந்தது. குறுந்தொடர் பிரிவில் சிறந்த இயக்கத்துக்கான விருது பரன்டீனிக்கு. நகைச்சுவைப் பிரிவில் அதே விருது யாருக்கு? சேத் ரோகனுக்கும் இவான் கோல்ட்பெர்க்குக்கும், ஆப்பிள் டிவியில் வந்த 'தி ஸ்டூடியோ' தொடரின் 'தி ஒன்னர்' எபிசோடுக்காக. ஒன்னர் என்றால் சினிமாக்காரர்கள் பாஷையில் ஒரே ஷாட்டில் எடுக்கும் நீளக் காட்சி. ஆக, அந்த ஆண்டு இரண்டு பிரிவிலும் ஜெயித்தது வெட்டாத எபிசோடு. எடிட்டர் சங்கம் ஏதாவது இருந்தால் கண்டனத் தீர்மானம் போட்டிருக்கலாம்.

கதை ரொம்பச் சின்னது. மேட் ரெமிக் ஒரு ஹாலிவுட் ஸ்டூடியோவின் தலைவர், சினிமாப் பைத்தியம். சாரா போலி (நிஜ இயக்குநர், தானாகவே வருகிறார்) சூரியன் மறையும் வெளிச்சத்தில் ஒரு முக்கியமான ஒன்னரை எடுத்துக்கொண்டிருக்கிறார். வெளிச்சம் போய்விட்டால் போச்சு. அதை வேடிக்கை பார்க்க ரெமிக் ஆசை ஆசையாக வருகிறார். வந்தவர் சும்மா இருந்தால்தானே. யோசனை சொல்கிறார், நடிகையிடம் பேச்சுக் கொடுக்கிறார், ஒவ்வொரு டேக்கும் நாசமாகிறது. கடைசியில் எல்லாம் கூடிவரும் நேரத்தில் நடிகை ஓட்டிப் போக வேண்டிய வழியில் இவருடைய கார் நிற்கிறது. ஒன்னர் கெட்டுப்போகும் கதையை ஒரே ஷாட் போலவே எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் குறும்பு. படப்பிடிப்புத் தளத்தில் கால் வைத்த எவரும் அந்த ரெமிக்கைப் பார்த்திருப்பார்கள். நான் பார்த்த ரெமிக்குகளின் கணக்கு இரண்டு கை விரலைத் தாண்டும்.

சரி, வெட்டாத எபிசோடுகள் போதும். வெட்டித் தைத்ததில் அந்த ஆண்டின் உச்சம் 'ஆண்டோர்' இரண்டாம் சீசன். ஸ்டார் வார்ஸ் என்றதும் ஒதுங்கிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இதில் லேசர் வாளைச் சுழற்றுகிறவர் யாரும் இல்லை. அதிகாரிகள், கூட்டங்கள், கோப்புகள், உளவாளிகள், பயம். ஏப்ரல் 22-லிருந்து வாரம் மூன்று எபிசோடாக நான்கு வாரம் விட்டார்கள். ஒவ்வொரு மூன்றுக்கும் நடுவே கதையில் ஓர் ஆண்டு ஓடிவிடும். அந்த ஏற்பாடே எனக்குப் பிடித்தது. விட்டுப்போன ஒரு வருடத்தில் யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் கிழடு தட்டிப்போனார்கள் என்று பார்ப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எட்டாவது எபிசோடின் பெயர் 'ஹூ ஆர் யூ?', எழுதியவர் டான் கில்ராய், இயக்கியவர் ஜானஸ் மெட்ஸ். கோர்மன் என்ற கோளில், கதையில் ஆட்சி செய்யும் பேரரசுக்கு ஒரு கனிமம் வேண்டும். அதைத் தோண்டினால் அந்த நிலம் வாழ லாயக்கில்லாமல் போகும். ஆகவே அந்த மக்களைக் கலகக்காரர்களாகக் காட்டி ஒழித்துவிட வேண்டும். இந்தத் திட்டம் முதல் எபிசோடிலேயே ஒரு கருத்தரங்க மேசையில் பேசப்பட்டுவிடுகிறது. எட்டாவதில் அது நடக்கிறது. ரகசியம் ஏதும் பாக்கி இல்லை, என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் மூச்சு முட்டுகிறது.

காரணம் பொறுமை. மக்கள் சதுக்கத்துக்கு நடந்து வருகிறார்கள். வந்துகொண்டே இருக்கிறார்கள். தங்கள் மொழியில் தேசியப் பாடலைப் பாட ஆரம்பிக்கிறார்கள். அந்த மொழியைத் தொடருக்காகவே உருவாக்கினார்கள், ஒரு வார்த்தை நமக்குப் புரியாது, தொண்டை அடைக்கிறது. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் கூரையில் படுத்திருக்கும் துப்பாக்கிக்காரர், இன்னொரு பக்கம் மேலே அறையில் உத்தரவு கொடுக்க வேண்டிய பேரரசு அதிகாரி டெட்ரா. இந்த மூன்றையும் மாறி மாறிக் காட்டும்போது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான் எங்கள் கை வழக்கம். இங்கே கூட்டவில்லை. பாட்டு முடியக் கொஞ்சம் இருக்கும்போதுகூட அவசரப்படாமல் முகங்களில் நின்றிருக்கிறார்கள். முதல் குண்டு பேரரசின் சொந்தச் சிப்பாய் மேல்தான் பாய்கிறது, அதையும் சுட்டது பேரரசின் ஆள். சாக்கு கிடைத்துவிட்டது. அப்புறம் நடப்பதுதான் படுகொலை.

அந்தக் களேபரத்தில் சிரில் கார்ன் இருக்கிறான். ஒன்றரை சீசனாக நாயகன் காசியனைத் துரத்திக்கொண்டிருந்த குட்டி அதிகாரி, வாழ்க்கையில் வேறு லட்சியமே கிடையாது. கடைசியில் காசியனைப் பிடித்துக் கட்டிப் புரண்டு, துப்பாக்கியை நேராக நீட்டி நிற்கும்போது, காசியன் நிஜமாகவே அடையாளம் தெரியாமல் கேட்கிறான்: நீ யார்? சிரிலின் கை தாழ்கிறது. அடுத்த நொடி வேறு யாரோ சுட்டுச் சாகிறான். தலைப்பைக் கேள்வியாக வைத்து, அந்தக் கேள்வியை இவ்வளவு கொடூரமான இடத்தில் வைத்த எழுத்து அந்த வருடத்தில் வேறில்லை. ஆனால் கில்ராய்க்கு எம்மி கிடைத்தது இதற்கு அடுத்த எபிசோடுக்கு, செனட்டர் மோன் மோத்மா செனட்டில் பேசும் ஒன்பதாவதுக்கு. அதுவும் நன்றாகத்தான் இருக்கும், எனக்கு எட்டாவதுதான்.

பத்தாவது, 'மேக் இட் ஸ்டாப்', இன்னொரு வகை. அதில் லூதன் என்ற பழைய உளவாளி பிடிபடும் நேரத்தில் தன்னையே குத்திக்கொள்கிறார். பேரரசு அவரை விசாரிப்பதற்காக உயிர் பிழைக்க வைக்கப் பாடுபடுகிறது. அவர் வளர்த்த பெண் கிளேயா மருத்துவமனைக்குள் புகுந்து, அவர் மூச்சை நிறுத்திவிட்டு வர வேண்டும். எதிரி காப்பாற்றப் பார்க்கிறான், மகள் கொல்லப் போகிறாள். எலிசபெத் டுலாவ் அந்த எபிசோடில் அதிகம் பேசுவதே இல்லை. நெற்றியில் ஒரு முத்தம், அவ்வளவுதான்.

'செவரன்ஸ்' பற்றிச் சொல்லாமல் போனால் அடிக்க வருவார்கள். அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டு நினைவு கிடையாது, வீட்டில் இருக்கும்போது அலுவலக நினைவு கிடையாது, மூளையில் ஒரு சிப்பை வைத்துப் பிரித்துவிடுகிறார்கள். யோசித்தால் இதுவும் எடிட்டிங்தான். லிஃப்டில் ஏறுகிறான், கட், இறங்குகிறான். நடுவில் போன எட்டு மணி நேரம் அவனுக்கு இல்லை. இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடைத்தான் பலர் கொண்டாடினார்கள். ஒரே ஆளின் இரண்டு பாதிகள் வீடியோ கேமராவில் மாறி மாறிப் பதிவு செய்து சண்டை போடும் காட்சி அபாரம்தான். ஆனால் என் ஓட்டு ஏழாவதுக்கு, 'சிகாய் பார்டோ'. திபெத்திய பௌத்தத்தில் சாகும் தறுவாயைக் குறிக்கும் சொல் அது. தொடரின் ஒளிப்பதிவாளர் ஜெசிகா லீ கேன்யே முதன்முதலாக இயக்கிய எபிசோடு.

செத்துப்போனதாக நாயகன் மார்க் நம்பும் மனைவி ஜெம்மா கீழ்த்தளத்தில் உயிரோடு இருக்கிறாள். அங்கே பல அறைகள். ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் அவள் வேறொரு நினைவுக்காரி. ஓர் அறையில் பல் மருத்துவர். அந்த அறையின் ஜெம்மாவுக்கு வாழ்க்கை என்றால் பல் வைத்தியம் மட்டும்தான், நாற்காலியை விட்டு எழுந்தால் அடுத்த நொடி மறுபடி நாற்காலி. இன்னோர் அறையில் முடிவே இல்லாமல் கிறிஸ்துமஸ் நன்றிக் கடிதங்கள். நடுநடுவே அவர்கள் காதலித்துக் கல்யாணம் செய்த பழைய நாட்கள், மஞ்சள் வெளிச்சத்தில். ஒரு ரத்ததான முகாமில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள்.

ஒரு கட்டத்தில் மருத்துவரை நாற்காலியால் அடித்துப் போட்டுவிட்டு லிஃப்டுக்கு ஓடுகிறாள். கதவு மூடுகிறது, மேலே போகிறது, நாம் நாற்காலி நுனியில். கதவு திறக்கும்போது முகம் வெறிச்சென்று இருக்கிறது. அந்தத் தளத்தில் அவள் ஜெம்மா இல்லை, மிஸ் கேசி. எதற்கு ஓடி வந்தோம் என்றே தெரியாது. திரும்பிப் போங்கள் என்றால் மரியாதையாகத் திரும்பிப் போகிறாள். லிஃப்ட் கீழே இறங்கும்போது ஜெம்மா விழித்துக்கொண்டு அலறுகிறாள். தப்பிப் போகிறவளைத் தடுக்க ஒரு காவலாளியும் தேவைப்படவில்லை, ஒரு கட் போதும். அதைப் பார்த்துவிட்டு டைம்லைனில் கத்தரியை வைக்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

'தி பிட்' எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி வாங்கியது. ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு, பதினைந்து மணி நேர ஷிஃப்ட், ஒரு மணிக்கு ஓர் எபிசோடு. காலை ஏழு மணிதான் முதல் எபிசோடின் பெயர். பின்னணி இசை இல்லையென்றே சொல்லலாம். நோவா வைல் 1994-ல் தொடங்கிய 'ஈஆர்' தொடரில் இளம் மருத்துவராக வந்தவர். அதற்கு ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டு ஒரு தடவைகூட எம்மி கிடைக்கவில்லை, 2025-ல்தான் கிடைத்தது.

பன்னிரண்டாவது எபிசோடு, அதாவது மாலை ஆறு மணி. இசை விழாவில் துப்பாக்கிச்சூடு, அடிபட்டவர்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள். அதுவரை பதினொரு மணி நேரம் நமக்கு ஒரு தாளம் பழகியிருக்கும்: நோயாளி வருவார், கதை சொல்வார், குடும்பம் அழும், அடுத்த படுக்கைக்குப் போவோம். திடீரென்று அந்தத் தாளம் அறுந்துபோகிறது. ஒருவருக்குச் சில நொடிகள்தான். கையில் நிறப்பட்டையை மாட்டு, நிறத்துக்கேற்ற இடத்துக்குத் தள்ளு, அடுத்தவர். பெயர் கேட்க நேரமில்லை. எழுத்தாளர்கள் பதினொரு எபிசோடாகப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி வளர்த்ததே, இந்த ஒன்றில் பெயரே இல்லாமல் செய்வதற்காகத்தானோ என்று தோன்றியது. ரத்தம் தட்டுப்படும்போது டாக்டர் ஆபட் தன் ரத்தத்தையே பையில் இறங்கவிட்டு, அந்தப் பையைக் காலில் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதுகூட இல்லை, நேரம் எங்கே இருக்கிறது. அடுத்த எபிசோடின் முடிவில் ராபி (வைல் நடிக்கும் மருத்துவர்) உடைந்து உட்காருவது குழந்தைகள் சிகிச்சை அறையில். சுவரெல்லாம் மிருகப் படங்கள், தரையில் வரிசையாகப் பிணங்கள்.

'தி ரிஹர்சல்' இரண்டாம் சீசனை என்னவென்று சொல்வது? நேதன் ஃபீல்டர் நகைச்சுவைக்காரர், ஆனால் விமான விபத்துகளைப் பற்றிப் பேசுகிறார். தலைமை விமானி தப்பு செய்யும்போது பக்கத்தில் இருக்கும் துணை விமானி வாய் திறந்து சொல்லத் தயங்குகிறார், விபத்துக்கு அதுதான் காரணம் என்பது அவர் வாதம். மூன்றாவது எபிசோடில், 2009 ஜனவரி 15 அன்று ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லன்பெர்கரின் மனதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்று, அவர் வாழ்க்கையைக் கைக்குழந்தையிலிருந்து வாழ்ந்து பார்க்கிறார். ஆம், கைக்குழந்தை. டயப்பர் கட்டிக்கொண்டு, ராட்சத அம்மா பொம்மையின் மடியில். அசிங்கமா, சிரிப்பா, வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை. கடைசி எபிசோடில் நிஜமாகவே விமானம் ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, நடிகர்களைப் பயணிகளாக ஏற்றிக்கொண்டு ஒரு 737-ஐ ஓட்டுகிறார். அதையும்விட என்னைத் தொந்தரவு செய்தது அதற்கப்புறம் வரும் சின்ன இடம். மூளை ஸ்கேன் எடுத்திருக்கிறார், முடிவு சொல்ல அழைப்பு வருகிறது, அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார். விமானிகள் வாய் திறக்க வேண்டும் என்று ஆறு எபிசோடு பேசியவர் அவர்.

நவம்பரில் வந்த 'ப்ளூரிபஸ்' வருடக் கடைசியில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. வின்ஸ் கில்லிகன் உருவாக்கியது, நாயகி கேரலாக ரேயா சீஹார்ன். உலகமே ஒரே மனமாகிவிடுகிறது, தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. முதல் எபிசோடைத்தான் சொல்வேன் என்று நினைப்பீர்கள். இல்லை, ஏழாவது, 'தி கேப்'. அதில் ஏறக்குறைய பேச்சே கிடையாது. கேரல் ஆளில்லாத ஊரில் தனியாகக் கூத்தடிக்கிறாள்: கோல்ஃப், பட்டாசு, கத்திப் பாட்டு. தப்பிய இன்னொருவன் மனூசோஸ் பராகுவேயிலிருந்து அவளைத் தேடிக் கிளம்பி, டேரியன் காட்டுக்குள் நடக்கிறான். உலகமே ஒரே மனமாகி, யாருக்கும் எதுவும் சொந்தமில்லாமல் போன பிறகும், நின்றுபோன கார்களிலிருந்து பெட்ரோல் எடுத்தால் கண்ணாடியில் காசு வைத்துவிட்டுப் போகிற ஆள். நடக்கும்போது ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டே நடக்கிறான், அவளைப் பார்த்ததும் சொல்ல. ஒன்றுமே நடக்கவில்லை என்று பலர் சலித்துக்கொண்டார்கள். ஒரு பட்டாசுப் பெட்டி சாய்ந்து தன் முகத்துக்கு நேராகத் திரும்பும்போது கேரல் நாற்காலியைவிட்டு நகராமல் இருக்கிறாளே, அதைவிட என்ன நடக்க வேண்டும்?

இன்னும் சில, வேகமாக. 'பிளாக் மிரர்' ஏழாம் சீசனின் 'காமன் பீப்பிள்': மூளைக்கே மாதச் சந்தா கட்டும் மனைவி, சந்தாத் திட்டம் மலிவானது என்பதால் பேச்சின் நடுவே விளம்பரம் ஒப்பிக்கிறாள். விளம்பரத்தோடு மலிவுத் திட்டம் விற்கும் நெட்ஃபிளிக்ஸிலேயே இது வந்தது. 'தி பேர்' நான்காம் சீசனில் 'வர்ம்ஸ்': உணவகத்தில் சமைக்கும் சிட்னி தலைமுடி பின்னிக்கொள்ளப் போன இடத்தில், ஒரு சிறுமியிடம் தன் வேலைக் குழப்பத்தைத் தோழி வீட்டில் தங்கப் போவது மாதிரி மாற்றிச் சொல்கிறாள். சிட்னியாக நடிக்கும் அயோ எடபிரியும், அதே தொடரில் நடிக்கும் லயனல் பாய்ஸும் சேர்ந்து எழுதியது. நான்கு சீசனில் அந்தச் சமையலறைக் கூச்சலை விட்டு வெளியே வந்து மூச்சு விட்ட எபிசோடு அது. 'பாரடைஸ்' ஏழாவது, 'தி டே': உலகம் முடியும் நாள். மற்ற எபிசோடுகள் சுமார்தான், இது மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

எல்லோரும் புகழ்ந்தும் என் கணக்கில் சேராத ஒன்று, 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் சீசனின் இரண்டாவது எபிசோடு. நாயகன் ஜோயல் சாகும் எபிசோடு. அறைக்குள் நடப்பது மட்டும் இருந்திருந்தால் தாங்கியிருக்க முடியாது. ஆனால் அதே நேரத்தில் நோய்த்தொற்று பிடித்தவர்கள் ஊரைக் கூட்டமாக வந்து தாக்கும் சண்டையை வேறு மாறி மாறிக் காட்டுகிறார்கள். தொடருக்கு மூலமான வீடியோ விளையாட்டில் அந்தச் சண்டை கிடையாது. ஒவ்வொரு தடவை வெளியே வெட்டும்போதும் எனக்கு மூச்சு விட இடம் கிடைத்துவிட்டது. அங்கே மூச்சு விட இடம் கொடுத்திருக்கவே கூடாது.

எதையும் முன்னே பார்க்காமல் தனியாகப் பார்க்கக்கூடியது எது என்றும் அதே கேள்வியில் ஒரு வால் இருந்தது. 'காமன் பீப்பிள்' பார்க்கலாம், 'தி ஒன்னர்' பார்க்கலாம். 'அடோலசென்ஸ்' மூன்றாவதைத் தனியாகப் பார்க்கலாமா என்று எனக்கே சந்தேகம் இருந்ததால், தொடரைப் பற்றி ஒன்றுமே தெரியாத நண்பர் ஒருவருக்கு அதை மட்டும் போட்டுக் காட்டினேன். பாதியில் திரும்பி, பையன் செய்தானா இல்லையா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சாண்ட்விச்சில் விரல் பட்ட இடத்தில் அவர் தன் கையை மடியிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பெயர்கள் ஓடி முடியும்வரை பேசவில்லை. அப்புறம், முதல் எபிசோடைப் போடு என்றார்.